ஆறு கல்லும் ஒரு துண்டும்

மிருக வைத்தியர் அலுவலகத்தின் விறாந்தையில் ஒரே ஒரு வாங்குதான் இருந்தது. அதில் ஒரு கோழிக்கூடையும் அதன் சொந்தக்காரரும் உட்கார்ந்திருந்ததால் ஜீவராணி எட்டு மணியிலிருந்து தூணில் சாய்ந்து நின்றாள். கையில் பெரிய பிஸ்கட் பெட்டி. எஹலியகொடக் கடையொன்றில் கேட்டு வாங்கியது. மூன்று நாளைக்கு முன் தன் நாய் ரோசியைச் சீனிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தபோது பஸ் கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிடப் பார்த்தான். பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் அவனால் என்ன செய்ய முடியும்?

ரோசிக்கு வயது ஆறு. ஒரு மாதமாகப் பத்தடிக்கு ஒருதரம் குந்தும். முக்கும். பின்கால் இரண்டும் நடுங்கும். கடைசியில் இரத்தம் கலந்து இரண்டு சொட்டு விழும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லோரும் சூடு பிடித்திருக்கிறது என்றார்கள். ஜீவராணி நீராகாரம் வைத்துப் பார்த்தாள், இளநீர் வாங்கி ஊற்றிப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் அந்த இரண்டு சொட்டும் நின்றுபோனது. அன்றைக்குத்தான் இறப்பர் பால் வெட்டுக்குப் போகாமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நாய்க்கு ஒப்பரேஷனாம் என்று லயமே சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் காலை ஐந்தரைக்கு அவளோடு மலைக்கு நடந்தவர்கள் இல்லை. புருஷன் கொழும்பில் கட்டட வேலை. முன்பெல்லாம் இருட்டில் அவளுக்கு முன்னால் போய், இறப்பர் சருகுக்குள் சுருண்டு கிடக்கும் புடையன் பாம்பைக் குரைத்துக் காட்டியது ரோசி மட்டும்தான்.

டொக்டர் இளவயதுப் பெண். ரோசியைத் தானே தூக்கி வந்து பெட்டியில் படுக்க வைத்தார். வயிற்றுத் தையலைக் காட்டி மருந்து சொன்னார். பிறகு மேசையிலிருந்து சின்னப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்தார். உள்ளே ஆறு கற்கள். வெள்ளையும் மஞ்சளும் கலந்த மங்கல் நிறம். ஒன்றோடொன்று உரசி ஓரங்கள் வழுவழுப்பாகியிருந்தன.

"இதெல்லாம் மூத்திரப் பையில இருந்தது. நாயைக் கட்டித்தான் வச்சிருக்கீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஜீவராணியும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். "ஆமா நோனா. தோட்டத்துல ஓடர். ராத்திரி பகல் கட்டித்தான் வைக்கணும். அவுத்துவிட்டா சுடுவாங்களாம்."

"நல்ல நாய் படுக்கிற எடத்துல மூத்திரம் போகாது. நீங்க வேலையால வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்திருக்கும். அப்பிடி அடக்கினா உள்ள கிருமி பெருகும். பெருகினா கல்லு விழும். இனி நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வெளிய விடணும். திரும்பக் கட்டிப் போட்டா திரும்பக் கல்லு வரும். அடுத்த தரம் பிழைக்குமான்னு சொல்ல முடியாது."

இதையெல்லாம் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். கற்களையும் கேட்டாள். "லயத்துல சிரிச்சாங்க நோனா. காட்டணும்." டொக்டர் சிரித்துக்கொண்டே போத்தலை அவள் கையில் கொடுத்தார்.

தோட்டத்துக் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செக்குரிட்டிக்காரன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே நாயைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அடுத்துப் பையைத் துழாவினான். போத்தல் அகப்பட்டது. அதை வெயிலுக்கு உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மாணிக்கக் கல் தோண்டும் அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைகூட ஒரு கல்லைக் கண்டால் அப்படித்தான் பார்க்கும்.

"எங்க எடுத்த?"

"நாயோட வயித்துல."

அவன் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. மூன்று மாதமாக லயத்துக்குப் பின்னால் ஓடையோரத்தில் மண் தோண்டும் பெக்கோ மெஷின் வேலை செய்கிறது. வடிகால் கான் துப்புரவு என்று பலகை போட்டிருந்தார்கள். கான் மண்ணை யாரும் தார்ப்பாய் போட்டு மூடி லொறியில் ஏற்றிப் போவதில்லை. அந்த லொறியைப் பார்த்துக் குரைத்ததால்தான் லயத்து நாய்களுக்கெல்லாம் கயிறு. ஓடைப் பக்கம் போய்வரும் தொழிலாளிகளுக்குச் சோதனை. போன மாதம் பால் வெட்டும் சசியின் காற்சட்டைப் பையில் ஒரு கூழாங்கல் இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டான். மறுநாள் அது மாணிக்கக் கல் என்றும், தோட்டத்து நிலத்தில் திருடியது என்றும் எழுதி வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேலையும் போய், வீடும் போய், இப்போது அவன் கொடகவெலயில் மச்சான் வீட்டில் இருக்கிறான்.

"போத்தல வச்சிட்டுப் போ," என்றான் செக்குரிட்டி.

"எழுதிக் குடுத்தா வச்சிட்டுப் போறேன்."

"எனக்கு எழுத அதிகாரமில்ல."

"அப்ப எடுக்கவும் அதிகாரமில்ல." போத்தலை அவன் கையிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நடையை வேகப்படுத்தாமல் லயத்துப் பக்கம் போனாள்.

மறுநாள் காலையில் இருநூற்று முப்பது மரம் வெட்டி முடித்து, பால் சிரட்டைகளில் சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கங்காணி நல்லையா வந்தார். நல்ல மனுஷன்தான். கெட்ட செய்தி சொல்லும்போது மரத்தைப் பார்த்துச் சொல்லுவார்.

"ஒப்பீசுக்கு வரட்டுமாம் புள்ள. இப்பவே."

"பத்தரைக்குப் பால் எடுக்கணுமே கங்காணி?"

"இப்பவே வரட்டுமாம்."

பக்கத்து மலையில் வெட்டும் கருப்பாயி, "நீ போ, நா எடுத்து வைக்கிறேன்," என்றாள். ஜீவராணியின் மரத்தை வேறு யாரும் தொடக்கூடாது என்றும் ஓடர் என்று நல்லையா அதே மரத்திடம் சொன்னார்.

ஒப்பீசில் தோட்ட மெனேஜர் துரையும் பெரிய கிளாக்கர் சண்முகநாதனும் இருந்தார்கள். துரை வந்து ஒரு வருஷம்தான். தமிழ் அரைகுறை. கிளாக்கர் இருபது வருஷமாக அதே நாற்காலி. கல் பார்ப்பதில் தனக்கு மிஞ்சி ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. இரண்டு தரம் கல் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டும் அந்த நினைப்பு போகவில்லை.

"நாயோட மூத்திரக் கல்லுங்க சேர். இந்தா டொக்டர் துண்டு," என்று சிங்களத்தில் சொல்லித் துண்டை மேசையில் வைத்தாள். துரை அதைப் படித்தார். படித்துவிட்டுக் கிளாக்கரைப் பார்த்தார்.

கிளாக்கர் மெல்லச் சிரித்தார். "மாணிக்கப் பள்ளத்துல வேல செய்றவன் கல்ல முழுங்கிட்டு வெளிய போய் எடுக்கிற கத நமக்குத் தெரியாதா? இவ ஒருபடி மேல போயிட்டா. நாய்க்கு முழுங்கக் குடுத்து, வயித்தக் கிழிச்சு எடுத்திருக்கா."

உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று நினைத்து வந்தவள் ஜீவராணி. உண்மையே சாட்சியாகத் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பிறகு ஆத்திரம் வந்தது.

"முழுங்கின கல்லு பீயில வரும் கிளாக்கரையா. மூத்திரப் பையில எப்பிடிப் போகும்?"

துரைக்கு அது புரிந்ததோ என்னவோ, "போத்தலைக் கொடு," என்றார்.

"எழுதிக் குடுங்க சேர். தாறேன்."

கிளாக்கர் சிங்களத்தில் வேகமாக எழுதி, கையெழுத்துப் போடு என்று அவள் பக்கம் தள்ளினார். தமிழ் லயத்துப் பெண்ணுக்குச் சிங்கள எழுத்து என்ன தெரியும் என்ற தைரியம். ஜீவராணி எட்டாம் வகுப்புவரை படித்தது தோட்டத்துக்கு வெளியே இருந்த சிங்களப் பள்ளிக்கூடத்தில். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது மைல் நடக்க வேண்டும் என்பதால் அப்பா அங்கே சேர்த்தார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"தோட்டத்து நெலத்துல எடுத்ததுன்னு போட்டிருக்கீங்க. அத வெட்டுங்க. ரோசிங்கிற நாயோட மூத்திரப் பையில எடுத்ததுன்னு எழுதுங்க. இல்லாட்டி கல்லு இல்ல."

இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கல் பார்க்க முஹ்ஸின் முதலாளி பதினொரு மணிக்கு வருவார், அதற்குள் முடிக்க வேண்டும். நாய்க்குள் ஒளித்ததாக அவளே எழுதிக் கேட்கிறாள் என்றால் பொலிசுக்கு அது இன்னும் நல்லது. கிளாக்கர் புதுத் தாளில் எழுதினார். ரோசி என்ற நாயின் மூத்திரப் பையிலிருந்து எடுக்கப்பட்ட ஆறு கற்கள் தோட்டத்துக்குச் சொந்தமானவை, அவை பெற்றுக்கொள்ளப்பட்டன. துரை கையெழுத்துப் போட்டார். சீல் விழுந்தது. ஜீவராணி டொக்டர் துண்டையும் அந்தத் தாளையும் சேர்த்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போத்தலைக் கொடுத்தாள்.

கிளாக்கர் ஒரு கல்லை எடுத்தார். காய்ந்த கல்லில் நிறம் தெரியாது. நனைத்தால்தான் உள் வெளிச்சம் தெரியும். அங்கே எல்லோரும் நாக்கில்தான் நனைப்பார்கள்.

"வாயில வைக்காதீங்க ஐயா," என்றாள் ஜீவராணி.

"கல்லு பாக்க நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" கல்லை நாக்கில் போட்டு இரண்டு தரம் புரட்டினார். ஜன்னலில் பிடித்தார். "கெவுடாக் கல்லு சேர். பால் கலர். சூட்டுல போட்டா நீலம் வரும்." துரைக்குப் பொறுக்கவில்லை. கிளாக்கர் பார்த்துத் தான் பார்க்காமல் விடுவதா என்று அவரும் ஒன்றை எடுத்து உதட்டில் ஈரமாக்கிப் பார்த்தார்.

முஹ்ஸின் முதலாளி ஓடைக் குத்தகைக்காரர். கல்லிலேயே பிறந்து வளர்ந்தவர். வந்ததும் ஒன்றை உள்ளங்கையில் உருட்டி எடை பார்த்தார். நகத்தால் சுரண்டினார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோய் சட்டென்று விலக்கினார்.

"இது மூத்திரக் கல்லு தொர. எங்கட ஊட்டுப் பூனக்கும் இப்பிடித்தான் அடச்சிச்சி. ஆம்புளப் பூன. டொக்டர் குழாய் போட்டு எடுத்தாரு." போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். "ஆரும் நாக்குல வெச்சிப் பாக்கலதானே?"

கிளாக்கர் எழுந்து வெளியே குழாயடிக்குப் போனார். அவர் கொப்பளிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

துரை கையை நீட்டினார். "சீல் போட்ட அந்தத் துண்டைக் கொடு. நீ போகலாம்."

"தர முடியாது சேர்."

"கல்லைத் திருப்பித் தாறேன்."

"எனக்கெதுக்குங்க கல்லு? தோட்டத்துக்குச் சொந்தம்னு நீங்கதானே எழுதினீங்க?" சட்டைக்குள் இருந்த துண்டைக் கையால் பொத்திக்கொண்டாள். "கட்டிப் போடச் சொன்னது தோட்டம். கட்டினதால வந்த கல்லு. டொக்டரு எழுதியிருக்காங்க, படிச்சீங்க. கல்லு ஒங்களோடதுன்னா நோவும் ஒங்களோடதுதான். இன்னையிலருந்து நா நாயைக் கட்ட மாட்டேன். சுடுறதுன்னா, நா பக்கத்துல நிக்கிற நேரமாப் பாத்துச் சுடுங்க. சசிக்கும் இப்பிடி ஒரு துண்டு குடுத்திருந்தா அவன் இன்னைக்கு வேலையில இருந்திருப்பான்."

துரை கதவைக் காட்டினார். அவள் போனாள்.

லயத்துக்குப் போய் ரோசியின் கழுத்துக் கயிற்றைக் கழற்றி அடுப்புக்குள் போட்டாள். தையல் பிரிந்துவிடாமல் அதை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு மலைக்கு ஏறியபோது மணி ஒன்றாகிவிட்டது. மற்றப் பெண்கள் பால் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். கருப்பாயி மட்டும் நின்றாள்.

இருநூற்று முப்பது சிரட்டையிலும் பால் உறைந்து கட்டியாகிவிட்டது. ஜீவராணி நாயைச் சருகில் இறக்கிவிட்டு முதல் சிரட்டைக்குள் விரலை விட்டாள். வெள்ளைக் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சாக்கில் போட்டாள். கருப்பாயி எதுவும் கேட்காமல் அடுத்த மரத்துக்குப் போய் அதே வேலையைத் தொடங்கினாள். ஓடரை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

நல்லையா வரவு பதியும் செக்ரோல் புத்தகத்தோடு வந்தார்.

"ஒப்பீசிலருந்து போன் வந்திச்சு புள்ள. பால் இல்ல, அதனால இன்னைக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல, சுழி போடட்டுமாம். இந்தக் கட்டிக்கும் நிறை போட வேணாமாம்."

"அவங்கதானே கூப்பிட்டாங்க?"

"அத நா எப்பிடிக் கேக்க?"

ஜீவராணி அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள். பின்னால் நொண்டி நொண்டி வந்த ரோசி ஓரிடத்தில் மண்ணை முகர்ந்து குந்தியது. ஜீவராணி கையைச் சிரட்டையிலிருந்து எடுத்துவிட்டு நின்றாள். கருப்பாயியும் நின்றாள். நல்லையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜீவராணி கையைக் காட்டி நிறுத்தினாள். நாய் முக்கவில்லை. நடுங்கவில்லை. வெளுத்த மஞ்சளில், நீளமாக, சருகில் சத்தம் கேட்கப் போனது. அது எழுந்து உடம்பை உதறும்வரை மூன்று பேரும் அசையவில்லை.

"இப்ப அந்தச் சுழியப் போடுங்க கங்காணி. நல்லா வட்டமா, எல்லாருக்கும் தெரியிற மாதிரி போடுங்க. நாளைக்குத் துண்டோட சேத்து லேபர் ஒப்பீசுல காட்டணும்."

நல்லையா பேனா மூடியைக் கழற்றினார். மரத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை முழங்கையில் தாங்கிக்கொண்டு, காலை ஆறு மணியிலிருந்து மலையில் நின்றவளின் பேருக்கு நேரே ஒரு சுழி போட்டார்.