ஐந்து மணி லிஸ்ட்

ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். பால் பாக்கெட் ஒன்று. முன்பு இரண்டு. காப்பி போட்டுக் குடித்தேன். குக்கரில் அரை டம்ளர் அரிசி வைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மேசையில் இரண்டு போன்கள் சார்ஜில் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று லோகப்பிரியாவுடையது. அதன் கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். ஆனால் வேலை செய்கிறது.

ஏழு மணிக்கு அவள் போனில் செய்தி வந்தது. தினமும் வரும். ‘மதிப்பீடு: உங்கள் வகுப்பில் மீதம் 1 மாணவர். இன்றே முடிக்கவும்.’ விரலால் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனேன்.

அவள் இறந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது.

அவள் ஆனைமலைக்குப் பக்கத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. மூன்றாம் வகுப்பு, பத்தொன்பது பிள்ளைகள். நான் அதே வட்டாரத்தின் கல்வி அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். ஒப்பந்தம்தான். வருடா வருடம் புதுப்பிப்பார்கள்.

இந்த வருடம் தேர்வு முறை மாறியது. முன்பு ஆசிரியரே கேள்வித்தாள் எழுதி, அவரே திருத்துவார். இப்போது பிள்ளை தனியாக ஆசிரியரின் போன் முன்னால் உட்கார வேண்டும். திரையில் வரும் சொல்லைப் படிக்க வேண்டும், கணக்கைச் சொல்ல வேண்டும். சரியா தவறா என்று ஆசிரியர் தட்டுவார். பிள்ளை எந்த நிலை என்பதை ஆப் முடிவு செய்யும். மாவட்டம் முழுக்க ஒரே கேள்வி, ஒரே கெடு.

“முன்ன நான் புள்ளைகளுக்கு மார்க் போட்டேன். இப்ப போனு எனக்கு மார்க் போடுதுங்க” என்று லோகப்பிரியா சிரித்தாள். முதல் வாரம்தான் சிரித்தாள்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு லிஸ்ட் போடுவது என் வேலை. முடித்த ஆசிரியர்கள் பச்சை. முடிக்காதவர்கள் சிவப்பு. வட்டாரத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர் அதைப் பார்ப்பார்கள். பச்சைக்குப் பூ அனுப்புவார்கள். சிவப்புக்கு யாரும் எதுவும் அனுப்புவதில்லை. மறுநாள் கூட்டத்தில் அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கெடு நெருங்க நெருங்கச் சிவப்பு குறைந்தது. கடைசி நாள் வட்டாரத்தில் ஒரே ஒரு சிவப்பு. என் மனைவி.

அவளுக்கு மீதம் இருந்த பிள்ளையின் பெயர் ஜெனிதா. அப்பா ஜெரோமுக்குத் தேங்காய் நார் மில்லில் வேலை. மூன்று வாரமாக அம்மை போட்டுப் பள்ளிக்கு வரவில்லை. அதற்குள் அவர்கள் வேறு மில்லுக்கு மாறிவிட்டார்கள். பள்ளியிலிருந்து நான்கு கிலோமீட்டர்.

சிவப்பை நீக்க ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் ‘நீண்ட நாள் வராதவர்’ என்று ஒரு பொத்தான். ஆசிரியரும் அழுத்தலாம், அலுவலகத்திலிருந்து நானும் அழுத்தலாம். அழுத்தினால் பிள்ளை கணக்கில் வராது. பள்ளிப் பதிவேட்டிலும் இருக்காது. பெயர் ஒரு பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். பிள்ளையின் எண்ணைக் கொடுத்தால் வேறு பள்ளி எடுத்துக்கொள்ளலாம். அந்த எண் எழுதிய தாளை நார் மில் குடும்பங்கள் வைத்திருப்பதில்லை. போன வருடம் வருகைப் பதிவிலும் இதே பொத்தான் இருந்தது; லோகப்பிரியா வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அப்படிப் போனார்கள். அழுத்தியது அவள்தான். இரண்டு பேரும் எங்கே என்று இன்றுவரை தெரியாது.

அன்று ஐந்து மணிக்கு லிஸ்ட் போட்டேன். அவள் பெயரும் போட்டேன். மனைவி என்று விட்டால் பேச்சு வரும். ஐந்து பத்துக்கு அவள் போன் செய்தாள். “அந்தப் புள்ளைய வராதவர்னு போட்டுட்டு ஊட்டுக்கு வா. ஆறு மணிக்குள்ள நீ போடலீன்னா நானே போட்டுருவேன்” என்றேன். அவள் ஒரு பதில் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஸ்கூட்டியில் நார் மில்லுக்குக் கிளம்பினாள். தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வளைவு மறைவில் நின்றிருந்தது. மில்லுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால்.

ஏழு இருபதுக்குக் குழுவில் செய்தி வந்தது. கும்பிடும் கைகள் நூற்றுக்கும் மேல். ஐந்து மணி லிஸ்ட் அதற்கு மேலேயே இருந்தது.

என் விடுப்பு நாட்களிலும் லிஸ்ட் தானாக உருவானது; வேறு ஆள் அதைக் குழுவில் போட்டார். ஆசிரியர் பெயரை நீக்க வேண்டுமானால் அவருடைய வகுப்பு முடிந்திருக்க வேண்டும். முடியாத வகுப்பை வேறு ஆசிரியருக்கு மாற்ற முடியாது. அதனால் அவள் பெயர் சிவப்பில் வந்தது. இறந்த மறுநாள் யாரோ பழக்கத்தில், ‘லோகப்பிரியா டீச்சர், உடனே முடிக்கவும்’ என்று பதில் போட்டார்கள். ஒரு நிமிடத்தில் அழித்தார்கள். கெடுவை இரண்டு முறை தள்ளி வைத்தார்கள். நான் வேலைக்குத் திரும்பியதும் லிஸ்ட்டை நானே போட ஆரம்பித்தேன்.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் அம்மா பழனாத்தாளிடம், “உங்களப் பாத்துக்கச் சொன்னா” என்றேன். தலைமை ஆசிரியை ஜெயக்கொடியிடம், “சாப்பிட்டீங்களான்னு கேட்டா” என்றேன். அவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டார்கள்.

இன்று காலை பழனாத்தாள் போன் செய்தார். பக்கத்து வீட்டு டீச்சர் லிஸ்ட்டைக் காட்டியிருக்கிறார்.

“என்ற புள்ள பேரு இன்னும் செவப்புலயே வருதாமா. செத்தவளுக்கு எதுக்கு சாமி இந்த அசிங்கம்? எடுத்துப்போடு. உன்ற கையிலதான இருக்குதாமா?”

“பாக்கறனுங்க.”

“பாக்கறது என்ன பாக்கறது. அவ என்னப் பாத்துக்கச் சொல்லித்தான உங்கிட்டச் சொன்னா?”

“ஆமாங்க” என்றேன்.

அலுவலகத்தில் ஜெயக்கொடி டீச்சர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அதிகாரி லட்சுமணசாமி பொட்டலத்திலிருந்து அவருக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை மூடினார்.

“வாங்க அருள். உக்காருங்க. திங்கக்கெழம மாவட்டக் கூட்டம். எல்லா வட்டாரமும் நூத்துக்கு நூறு. நம்முளுது மட்டும் ஒண்ணு கொறையுது.”

“தெரியுங்க சார்.”

“இன்னைக்கு அஞ்சு மணியோட மூடறாங்களாம். இனித் தள்ள மாட்டாங்க. மீதம் நின்னா விளக்கம் எழுதிக் குடுக்கோணும். யாரு, எதுக்குன்னு.”

ஜெயக்கொடி என் பக்கம் திரும்பினார். “தப்பா நெனைக்காதீங்க தம்பி. லோகா எனக்கும் தங்கச்சி மாதிரித்தான். ஆனா அந்த வகுப்புக்குப் புது டீச்சர் போட முடியல. பதினெட்டுப் புள்ளைக நாப்பது நாளா எங்கிட்டத்தான் உக்காந்திருக்குது. ரெண்டு வகுப்பையும் சேத்து மேய்க்கறேன். ஒரு புள்ளைக்காகப் பதினெட்டா?”



“நேருல போய்ப் பாருங்க. அந்தப் புள்ள ஊர விட்டே போயிருந்தா அழுத்தறதுல பாவமில்லீங்க. மில்லுக்காரங்க ஒரு எடத்துலயா இருக்காங்க?” என்றார் லட்சுமணசாமி.

மதியத்துக்கு மேல் பைக்கில் போனேன். வளைவு வந்தது. மட்டைத் தூள் இன்னும் ஓரத்தில் கிடந்தது. நிற்கவில்லை.

மில் களத்தில் நார் காய்ந்துகொண்டிருந்தது. மெஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது. ஓட்டு வரிசையின் கடைசி வீட்டு வாசலில் ஒரு சிறுமி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் அம்மைத் தழும்பு. என்னை உற்றுப் பார்த்தாள்.

“நீங்க டீச்சரு ஊட்டு சாருதான? டீச்சர் போன்ல படத்துல இருப்பீங்க.”

“ஆமா.”

“அம்மா, டீச்சரு ஊட்டு சார் வந்திருக்காரு!”

அம்மா வெளியே வந்தார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைக்குத் தெரியவில்லை.

“டீச்சர் அன்னைக்கு வாரேன்னு போன் பண்ணாங்க சார்” என்றாள் ஜெனிதா. “நான் யூனிபார்ம் எல்லாம் போட்டு உக்காந்திருந்தேன். வரவே இல்ல. இனிமே தெனமும் ஸ்கூட்டியில வந்து கூட்டிக்கறேன்னு சொன்னாங்க.”

“பாப்பாவ உள்ள கொண்டு போய்ப் படுக்க வை கண்ணு” என்று அம்மா அவளை அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “புள்ளகிட்டச் சொல்லலீங்க. டீச்சர் லீவுன்னு சொல்லியிருக்கறேன். இங்க வார வழியிலதான்னு தெரிஞ்சா அது தாங்காதுங்க.”

“பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமுல்லீங்க?”

“நாலு கிலோமீட்டருங்க. பஸ் இல்ல. இவரு விடியறதுக்கு முன்னாடி மெஷினுக்குப் போயிருவாரு. பேரு இருக்குதுல்லீங்க? பேரு இருந்தா எப்பிடியாச்சும் அனுப்பிப்போடுவனுங்க.”

“இருக்குது” என்றேன்.

ஜெனிதா புத்தகத்தோடு திரும்பி வந்தாள். நான் கேட்காமலே ஒரு பாடத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். மனப்பாடம். கண் புத்தகத்தில் இல்லை. நிறுத்தச் சொன்னேன். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினேன்.

“வ... வட்... வட்டாரக்...” விரலை வைத்து நகர்த்தினாள். “கல்வி. அலு... வலகம். அருள்... குமார்.” தலையைத் தூக்கினாள். “பாஸா சார்?”

“பாஸ்.”

அதைப் பதிவு செய்ய எங்கும் இடமில்லை. அவள் லோகப்பிரியாவின் பிள்ளை. வேறு யாருடைய போனிலும் அவள் பெயர் வராது. லோகப்பிரியாவின் போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. அதைத் திறந்து நானே தட்டலாம். தட்டினால், செத்துப்போனவள் மார்ச் மாதத்தில் தேர்வு நடத்தினாள் என்று பதிவாகும். அவள் செய்த வேலையில் ஒரே பொய்யாக அது நிற்கும். அது வேண்டாம்.

“நாளைக்கு எட்டரைக்கு வாரேன். ரெடியா இரு. பள்ளிக்கூடத்துல உடறேன்.”

ஜெனிதா தலையாட்டவில்லை. “டீச்சரும் வாரேன்னுதான் சொன்னாங்க” என்றாள்.

அலுவலகம் திரும்பும்போது நாலே முக்கால். ஜெயக்கொடி பள்ளி விட்டு மறுபடியும் வந்திருந்தார். லட்சுமணசாமி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“புள்ள இருந்துதா?”

“இருந்துதுங்க.”

அவர் பெருமூச்சு விட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கும்.

“சரி, இருந்தா என்ன இப்ப. நாளைக்குப் புதுசாச் சேத்துக்கலாம். நான் பொறுப்பு.”

“நம்பர் எடுத்து, அப்பா கையெழுத்து வாங்கி, மேல இருந்து சம்மதம் வந்து... போன வருசம் ரெண்டு புள்ளைக்கு இதையேதான் சொன்னோமுங்க சார்.”

ஜெயக்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இரண்டு பிள்ளைகளையும் அழுத்தச் சொன்னது அவர்தான்.

திரையில் லோகப்பிரியாவின் வகுப்பைத் திறந்தேன். பதினெட்டு டிக். கடைசியில் ஜெனிதா, ஜெ. பக்கத்தில் அந்தப் பொத்தான். சாம்பல் நிறம். அழுத்தினால் லோகப்பிரியாவின் பெயர் பச்சையாகும், பிறகு நீங்கும். பழனாத்தாளுக்குத் தூக்கம் வரும். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு டீச்சர் வருவார். காலை ஏழு மணிக்கு அந்தப் போன் சத்தம் போடாது.

“அருள், நாக்கு கூசுது சொல்றதுக்கு” என்றார் லட்சுமணசாமி. “உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. விளக்கத்துல உங்க பேருதான் போகும். வேணும்னே நிறுத்தி வெச்சதா எழுதுவாங்க.”

“எழுதட்டுங்க சார்.”

நான்கு ஐம்பத்தெட்டு. வகுப்பை மூடினேன். லிஸ்ட்டை எடுத்தேன். இருநூற்றுப் பதின்மூன்று பச்சை, ஒரு சிவப்பு. ஐந்து மணிக்குக் குழுவில் போட்டேன். யாரும் எதுவும் அனுப்பவில்லை.

லட்சுமணசாமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபம் இருந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“அப்பிடி என்னதான் சொல்லீட்டுப் போனாங்க அவங்க?”

“ஒண்ணும் சொல்லலீங்க” என்றேன். கணினியை அணைத்தேன்.

ஆறு மணிக்கு நானே போட்டுவிடுவேன் என்று நான் சொன்னபோது அவள் பள்ளி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சங்கிலிச் சத்தம் கேட்டது. ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே கொஞ்சம் கத்தித்தான் சொன்னாள்.

“ஏனுங்க, நான் வர்ற வரைக்கும் அத அழுத்திப்போடாதீங்க.”