ஆஸ்பத்திரித் தெரு

ஹாஜரா தன் தங்கை நூர்னிசாவைப் பார்த்து ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. பொறாமைப்பட வேண்டியவள் நூர்னிசாதான். ஹாஜராவின் புருஷன் மைதீன் பிச்சைக்குக் கூமாப்பட்டியில் நஞ்சையும் தென்னந்தோப்பும் ஊரே பார்த்து நிற்கிற ஜோடிக் காளைகளும் இருந்தன. நூர்னிசாவின் புருஷன் ஹுமாயூனோ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவன். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் ஒற்றை அறையும் அடுப்படியுமாகக் குடியிருந்தார்கள். பெருநாளுக்கு ஹாஜரா அங்கே போகும்போதெல்லாம் நூர்னிசா அக்காவின் சேலையைத் தடவித் தடவிப் பார்ப்பாள். ஹாஜராவுக்கு அது பிடித்திருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு பேதி வந்தது. வடக்கே பஞ்சம் பிடித்த சீமைகளிலிருந்து ரயிலேறி வந்த நோய் என்று பேசிக்கொண்டார்கள். ராஜபாளையத்தில் சாவு விழுகிறது என்று கேள்விப்பட்ட மறுவாரமே கூமாப்பட்டிக்கும் வந்துவிட்டது. ஊரில் இருந்த ஒரே வைத்தியரும் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார்.

காலையில் வயலுக்குப் போன மைதீன் பிச்சை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் கண் குழி விழுந்து, குரல் கம்மிவிட்டது. பண்ணையாள் தவசிமுத்து பயப்படாமல் வண்டியைப் பூட்டினான். வைக்கோலைப் பரப்பிப் படுக்கவைத்துக்கொண்டு ஹாஜராவும் ஏறினாள். வழியெல்லாம் அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது.

சுந்தரபாண்டியத்துக்கு முன்னால் ஆறு கரைபுரண்டு ஓடியது. தவசிமுத்து நெஞ்சளவு இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"இப்ப எறக்குனா மாடும் போயிரும், அவியளும் போயிருவாக. செத்த பொறுங்கம்மா. தண்ணி வடியட்டும்."

வடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. டாக்டர் மத்தியானமே ராஜபாளையத்துக்குப் போயிருந்தார். அங்கே நோயாளிகள் அதிகம். கம்பவுண்டர் ஓடிவந்து மருந்தை வாயில் ஊற்றினார். அது கடைவாய் வழியே வழிந்தது. தவசிமுத்து மாட்டை அவிழ்த்துக் கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அழுகைச் சத்தம் கேட்டு, அதே தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து ஒருத்தி எழுந்து ஓடிவந்தாள். நூர்னிசா. அவளுக்குப் பின்னால், கட்டிலில் ஹுமாயூன் படுத்திருந்தான். அவனுக்கும் அன்று காலையில்தான் கண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆட்கள் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து போட்டுவிட்டார்கள். கை கால் சில்லிடுவதற்கு முன்னால் டாக்டர் பார்த்துவிட்டார். இப்போது அவன் தலையைத் தூக்கி, யார் அழுகிறார்கள் என்று பார்த்தான்.

நூர்னிசா கட்டிப்பிடிக்க வந்தபோது ஹாஜரா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒன் புருஷனுக்கு ஒரு கட்டில் போதும்ட்டி. எம் புருஷனுக்கு வண்டி, மாடு, ஆளு அம்புட்டும் இருந்து என்னத்துக்கு ஆச்சு?"



கூமாப்பட்டியில் நோய் இன்னும் அடங்கவில்லை, ஆற்றைக் கடந்து போகவும் மனமில்லை. ஹாஜரா தங்கை வீட்டு அடுப்படியிலேயே இத்தா இருந்தாள். நாலு மாதத்துக்கு மேல் வேற்று ஆண் முகம் பார்க்கக் கூடாது. குறுக்கே சேலையைக் கட்டி மறைத்திருந்தார்கள். முகத்தைத்தான் மறைக்க முடிந்தது. ஹுமாயூன் பிழைத்து வந்து கஞ்சி உறிஞ்சுவதும், வாய் கொப்பளிப்பதும், "நூரு" என்று கூப்பிடுவதும் அப்படியே கேட்டன. ஒவ்வொரு சத்தமும் தன் புருஷனிடமிருந்து பிடுங்கி இவனுக்குக் கொடுத்ததுபோல இருந்தது. அவன் உடம்பு தேறத் தேற இவளுக்குச் சோறு இறங்கவில்லை. நூர்னிசா அவனுக்கு முதல் தட்டு வைத்தால் அதற்கும் எரிந்தது. அக்காவுக்கென்று எடுத்துவைத்தால் அதற்கும் எரிந்தது.

ஒருநாள் விடியற்காலையில் சேலைக்கு அந்தப் பக்கம் அவன் குமட்டுவது கேட்டது. ஹாஜரா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனசு குளிர்ந்தது.

பித்தம்தான். இஞ்சிச் சாறு குடித்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அந்தக் குளிர்ச்சியை ஹாஜராவால் மறக்க முடியவில்லை. தங்கை தாலி அறுப்பதைப் பார்க்க ஆசைப்பட்டோமே! அன்று முழுக்கத் தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

இத்தா முடிந்த மறுநாள், தனி வீடு பார்க்கச் சொன்னாள். நூர்னிசாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இங்க என்னக்கா குறை வச்சேன்?"

"நீ ஒண்ணும் வைக்கல. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி ஒரு வீடு காலியாகக் கிடந்தது. நோய்க்குப் பயந்து யாரும் குடிவராத வீடு. நூர்னிசாவே போய்ப் பேசி முடித்து, வெள்ளையடித்துக் கொடுத்தாள். அதற்காகவும் ஹாஜராவுக்கு அவள்மேல் கோபம்தான்.

கடைக்குப் போகும்போது ஹுமாயூன் தினமும் அந்த வாசலில் நிற்பான். கதவுக்கு வெளியே இருந்தபடி, "மதினி, எதாச்சும் வாங்கணுமா?" என்பான். உள்ளேயிருந்து பதில் வராது. செத்த நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவான். ரம்ஜான் போய், ஹஜ்ஜுப் பெருநாளும் போயிற்று. அவன் கேட்பதை நிறுத்தவில்லை.

மறுபடி மழை தொடங்கிய ஒரு காலையில், அவன் கேட்டுவிட்டு நகரப் போன சமயம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெத்தல வாங்கிட்டு வாங்க. கொழுந்தாப் பாத்து."