வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று

கணவர் இறந்தபின் வந்த பி.எஃப். பணத்தை, தியோடரின் பேச்சைக் கேட்டு மௌரீன் பங்குச் சந்தையில் ஃபியூச்சர்ஸ் வியாபாரம் செய்யும் கணக்கில் போட்டாள். தியோடர் அவள் கணவரின் நண்பன். பெங்களூரு காக்ஸ் டவுன் சர்ச்சில் அவரும் இவனும் ஒன்றாகப் பாடியவர்கள். பிரேசர் டவுனில் ஒரு புரோக்கர் கம்பெனிக்கு ஏஜென்ட்டாக இருந்தான்.

"நீங்க எனக்கு ஒரு பைசா தர வேணாம் அண்ணி. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஒரு வருடத்தில் பாதிப் பணம் கரைந்தது. "மார்க்கெட் சரியில்ல அண்ணி" என்பான். அவளும் நம்பி, முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, வலியோடு பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனாள்.

வருமான வரிக்காக ஏதோ விவரம் கேட்கக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தபோதுதான் உண்மை தெரிந்தது. எடுத்தவள் ஃபாத்திமா என்ற பெண்.

"மேடம், டிரேடிங்ல உங்களுக்கு நஷ்டமே இல்லையே, கொஞ்சம் லாபம்தான். போனதெல்லாம் புரோக்கரேஜ், மத்த சார்ஜஸ்."

"அப்படின்னா?"

"வாங்கினா ஒரு கமிஷன், வித்தா ஒரு கமிஷன். அதுக்கு மேல வரி. உங்க கணக்குல காலைல வாங்கி உடனே வித்து, திரும்ப வாங்கி... நாள் பூரா இதேதான் நடந்திருக்கு." ஃபாத்திமா சற்றுத் தயங்கினாள். "கமிஷன்ல பாதி ஏஜென்ட்டுக்குப் போகும் மேடம்."

மௌரீன் அழவில்லை. கணவரின் சவப்பெட்டியைத் தூக்கிய கைகள்தானே தியோடரின் கைகள் என்று நினைத்தாள். அன்றே தியோடருக்குப் போன் போட்டு, பேச்சைப் பதிவு செய்தாள்.

"தியோ, நேத்து வாங்கினது, வித்தது எல்லாம் என்னைக் கேட்டா செஞ்சே?"

"ஒவ்வொண்ணுக்கும் உங்களைக் கேட்டுட்டிருந்தா ஆவுமா அண்ணி? எப்பவும் நானேதானே பண்றேன்!"

அவளுக்கு அது போதும். வாடிக்கையாளரைக் கேட்காமல் வியாபாரம் செய்யக் கூடாது என்பதுதான் விதி. பதிவை இணைத்துக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினாள். கம்பெனி விசாரணை தொடங்கியது.

தியோடர் மனைவி தீபிகாவோடு வீட்டுக்கு ஓடி வந்தான்.

"முழுப் பணத்தையும் நானே தர்றேன் அண்ணி. புகாரை வாபஸ் வாங்கிடுங்க. லைசென்ஸ் போச்சுன்னா என் பொழப்பே போச்சு."

தீபிகா அழுதாள். பணம் வந்தால் முழங்கால் சரியாகும் என்று மௌரீனுக்குத் தெரியும்.

"வேணாம் தியோ. எனக்குப் பணம் வேணாம். நீ இன்னொரு வீட்ல போயி யாரையும் அண்ணின்னு கூப்பிடக் கூடாது. அதுதான் வேணும்."

கதவைச் சாத்தினாள்.

இரண்டு மாதத்தில் அவனை ஏஜென்ட் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். கம்பெனி மௌரீனுக்குக் கமிஷனில் ஒரு பகுதியை மட்டுமே திருப்பித் தந்தது. ஆபரேஷனுக்கு அது போதவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச் பூசையில், அருகிலிருப்பவர்களுக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில், முன்வரிசையிலிருந்து தியோடர் திரும்பிக் கை நீட்டினான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. மௌரீன் அந்தக் கையை நன்றாகப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த கிழவியிடம் திரும்பி, "சமாதானம்" என்று சிரித்தாள்.

கால் வலித்தது. ஆனாலும் வீட்டுக்கு நடந்தே போனாள், சந்தோஷமாக.