பதினெட்டு அடி கேபிள்

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தாள். கால்கள் வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ரொட்டி ஏற்றும் வண்டி; வேலைக்குப் போகாத நாளிலும் உள்ளே ரொட்டி வாசனை போவதில்லை. தரைவிரிப்பைத் தூக்கிக் கறுப்புக் கேபிளின் முனையை அதற்கடியில் தள்ளினாள்.

அத்தை வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து உன் தம்பிய எந்நேரமும் கொண்டாந்துருவாங்க. நீ இங்க என்னடி பண்ற?"

"ரேடியோ மாட்டறேன் அத்தை."

"இன்னைக்கா?"

"இன்னைக்கு மாட்டறதாத்தான் இருந்துது."

அத்தை உள்ளே போனாள். "விடு. அழற வரைக்கும் ஏதாவது செஞ்சிட்டிருக்கட்டும்" என்று அம்மா சொல்வது ஜன்னல் வழியே கேட்டது.

அழுகை வரவில்லை. அவளும் எதிர்பார்த்துப் பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு முழுக்க.

அவள் ரொட்டி கொண்டுபோகும் மலைப்பாதையில் போன் எடுக்காது. லாரிக்காரர்கள் அங்கே ரேடியோவில்தான் பேசிக்கொள்வார்கள். தம்பியும் லாரிக்காரன். அவளுக்காகப் பழைய ரேடியோ ஒன்றையும் ஏரியலையும் தேடிப் பிடித்து, சின்னதாக ஒன்று, பதினெட்டு அடியில் ஒன்று என இரண்டு கேபிள்களும் வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தான். நேற்றுக் காலை போனில் பேசினான்.

"சின்னதை எடுத்து மாட்டிடாத. பதினெட்டு அடிதான் சரியா வரும்."

"என் வண்டியே அவ்ளோ நீளம் இல்லடா. மிச்சத்த கழுத்துல சுத்திக்கவா?"

"மிச்சத்த என்ன பண்றதுன்னு நான் வந்து சொல்றேன். அதுவரைக்கும் கைய வைக்காத."

மதியம் சரக்கு ஏற்றும் இடத்தில், வரிசையில், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே போய்விட்டான். மாரடைப்பு என்றார்கள்.

தெருமுனையில் லாரிகள் வந்து நிற்க ஆரம்பித்தன. இறங்கியவர்களில் ஒருவர் வாசலில் நின்று, "தாத்தா இப்படிப் பண்ணிட்டாரே" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அத்தை குழம்பிப்போய் வேனுக்கே திரும்பி வந்தாள். "எந்தத் தாத்தாடி?"

"தம்பியத்தான். சின்ன வயசுலயே தலை நரைச்சிடுச்சில்ல. ரேடியோல அதான் பேரு."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதுகொண்டு உள்ளே ஓடினாள்.

பெரிய மீசை வைத்த டிரைவர் ஒருவர் அவளிடம் வந்தார். 'மீசை' என்று தம்பி அடிக்கடி சொல்வது இவராகத்தான் இருக்கும். கேபிளைப் பார்த்தார்.

"பதினெட்டா?"

"அவன் சொன்னான். பாதி சும்மா கிடக்குது. வெட்டிடலாமா?"

"வெட்டாதீங்கக்கா. சின்னதும் வேலை செய்யும்தான். ஆனா இந்த நீளம்னா ஏரியலை ஒத்துப்போக வைக்கறது சுலபம். மிச்சத்த கயிறு மாதிரி இறுக்கிச் சுருட்டக் கூடாது, அவ்வளவுதான். நீள நீளமா மடிச்சு சீட்டுக்குப் பின்னாடி தளர்வா விடுங்க."

அவள் மடித்தாள். அவர் மறுமுனையை இழுத்து, பக்கக் கண்ணாடித் தண்டில் அவள் பொருத்தியிருந்த ஏரியலில் திருகினார். திருகி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"நேத்து நான்தான் அவனுக்குப் பின்னாடி நின்னேன்" என்றார். "வரிசை நகந்துடுச்சு. அவன் வண்டி நகரல. ஹாரன் அடிச்சேன். ரேடியோல கூப்பிட்டு, தாத்தா, தூங்கிட்டியான்னு திட்டினேன். நான் திட்ட திட்ட மத்தவங்க எல்லாம் சிரிச்சாங்க."

அவள் அவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

"அவனுக்குத் திட்டு வாங்கறது பழக்கந்தான்" என்றாள். "அந்த விரிப்பக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

அவர் தூக்கிப் பிடித்தார். பிறகு தன் லாரியிலிருந்து சின்ன மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். ஏரியலைக் கொஞ்சம் ஏற்றினார், கொஞ்சம் இறக்கினார். முள் கீழேயே நின்றது.

"முள் ஏறல. நல்லா இருக்கு" என்றார்.

அதற்குள் உடலைக் கொண்டுவந்துவிட்டார்கள். தம்பியின் சட்டைப் பொத்தான்களை யாரோ ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அம்மா அவள் முதுகில் கை வைத்தாள். கை இருப்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

வந்திருந்த லாரிக்காரர்களில் சுடுகாட்டுக்கு வழி தெரிந்தவர்கள் குறைவு. அவளே வேனை முன்னால் எடுத்தாள். அமரர் ஊர்தி அவளுக்குப் பின்னால், அதற்கும் பின்னால் லாரிகள். கடைசி லாரி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரிய சாலையை நெருங்கும்போது ரேடியோ கரகரத்தது. மீசையின் குரல்.

"அக்கா, அடுத்து எந்தப் பக்கம்?"

மைக்கை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"இடது பக்கம்" என்றாள். "ஸ்கூல் இருக்கு. மெதுவா வாங்க."

கண்ணாடியில் பார்த்தாள். ஊர்தியின் இடது விளக்கு மினுங்கத் தொடங்கியது. பிறகு அதற்குப் பின்னால் ஒன்று. பிறகு இன்னொன்று. சாலை வளையும் இடம்வரை, ஒன்றன்பின் ஒன்றாக.