கம்பத்தில் மாறிய கம்பி

மோடத்தின் பச்சை விளக்கு எரிய மறுத்தது. சோமசேகரம் வயரைப் பிடுங்கினார், செருகினார், மோடத்தை ஒரு தட்டுத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை நோர்வேயில் மகளுக்குக் கலியாணம். போவதற்கு விசா கிடைக்கவில்லை. கணினியிலாவது பார்க்க வேண்டும்.

தொலைபேசிக் கம்பனிக்குப் போய்விட்டு வந்து சொன்னார்: “எங்கட லைன் உப்புக் காத்தில கறள் பிடிச்சிட்டுதாம். புதுக் கேபிள் கொழும்பில இருந்து வரவேணுமாம். வரிசையில நிக்கட்டாம்.”

“வரிசையில நிண்டா பேத்தியின்ர கலியாணத்தைத்தான் பாப்பம்,” என்றார் மனைவி பாக்கியரத்தினம்.

அன்று பின்னேரமே கம்பனியின் லைன்மன் தவராசா வீட்டுக்கு வந்தான். பாரைக் கருவாடும் ஒரு போத்தல் சாராயமும் கைமாறின. தவராசா தெருக் கம்பத்தில் ஏறி இறங்கினான்.

“நல்ல கம்பி ஒண்டு அம்பிட்டுது ஐயா. எக்ஸ்சேஞ்சில என்ர கூட்டாளி மிச்சத்தைப் பாப்பான். ஆற்ற கம்பியெண்டு மட்டும் கேக்காதேங்கோ.”

சோமசேகரம் கேட்கவில்லை. விளக்கு எரிந்தது.

மறுநாள் அடுத்த வீட்டு ஆமினா உம்மா வேலியருகே வந்து நின்றார்.

“தம்பி, எங்கட போன் செத்துக் கிடக்கு. கம்பனிக்கு ஒருக்காச் சொல்லுவீங்களா? அக்கரையில, கிண்ணியாவில மகள் மைமூனாக்குப் பிள்ளை பெற நாள் நெருங்கிட்டு.”

“சொல்லுறன் உம்மா.” உள்ளே வந்ததும் மறந்துபோனார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் கணினியின் கமராவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

“உம்மா நிக்கிறாவா?”

“ராங் நம்பர்.”

வைத்ததும் திரும்ப அடித்தது. “இஞ்ச ஒரு உம்மாவும் இல்லை. கண்டறியாத கரைச்சல்.” வைத்தார். பிறகு அது அடித்தபோதெல்லாம் எடுக்காமல் விட்டார். பொழுதுபடும் நேரம் பாக்கியரத்தினம்தான் எடுத்து அவரிடம் நீட்டினார்.

“வெச்சிராதீங்க சேர். நான் ஸெய்னுதீன், மைமூனாட புருஷன். அவக்கு வலி வந்திட்டு. ரத்தம் நிக்குதில்ல. உம்மா உம்மா எண்டு கத்துறா. ஆமினா உம்மாவக் கடைசிப் படகில ஏத்தி விடுங்க.”

தவராசாவின் கூட்டாளி இணையத்தை மட்டும் மாற்றியிருந்தான். தொலைபேசி இலக்கத்தை மாற்ற மறந்துபோனான்; உம்மாவின் இலக்கம்தான் இங்கே அடித்தது. தன் வீட்டுக்கு வந்திருப்பது யாருடைய கம்பி என்று சோமசேகரத்துக்கு இப்போது விளங்கியது.

ஆமினா உம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு விரைந்தார். இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள், அடையாள அட்டையைப் புரட்டினார்கள், பையைக் கொட்டச் சொன்னார்கள். படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் படகு பாதிக் கடல் தாண்டியிருந்தது. ஊரடங்கு நேரம். இனி விடியத்தான் ஓடும்.

“முந்தி ஆரும் போன் எடுத்துச் சொல்லேல்லையா தம்பி?” என்று கேட்டார் ஆமினா உம்மா.

சோமசேகரம் ஓட்டோவுக்குத் திரும்பி நடந்தார்.

விடியற்காலை உம்மா முதல் படகில் போனார். கொஞ்ச நேரத்தில் சோமசேகரத்தின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஸெய்னுதீன்தான். மைமூனா தப்பிவிட்டாள். பிள்ளை தங்கவில்லை. இரவு முழுக்க அவள் தாயைத்தான் கேட்டாளாம்.

அவர் தவராசாவைத் தேடிப்போய்க் கூட்டி வந்தார்.

“ஏறு. மாத்து.”

“இண்டைக்கெல்லோ ஐயா கலியாணம்?”

“ஓம். மாத்து.”

தவராசா தலையைச் சொறிந்தான். “ஊரில எல்லாரும் செய்யிறதுதானே ஐயா.”

“எல்லாரும் செய்யிறம். குறுக்கால போய் எடுக்கிறது எதுவும் வானத்தில இருந்து விழுறேல்லை, தவராசா. வரிசையில நிக்கிற இன்னொருத்தற்ற வீட்டில இருந்துதான் வருது. ஆற்ற எண்டு நான் கேட்டிருக்கவேணும்.”

பாக்கியரத்தினம் கணினியை மூடினார்.