வெள்ளிக்கிழமை இரண்டரை மணி

லண்டனில் மக்களவையின் பார்வையாளர் மாடத்தில் கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தில் இரண்டு இருபது. கீழே அரசுத் தரப்பின் முன்வரிசையில் வின். ஊருக்கெல்லாம் அவள் இணை அமைச்சர் வினிஃப்ரெட் ஸ்கெல்டன். எனக்கு, பதினோரு வருடம் என்னோடு ஒரே வாளியில் தரைத்துணி பிழிந்த வின். நல்ல நீலக் கோட்டு போட்டிருந்தாள். புதுச் செருப்பு கடிக்கிறது என்பது கால்களை அவள் வைத்திருந்த விதத்திலேயே தெரிந்தது. எதிர்ப்பக்கம் மூன்றாவது வரிசையின் ஓரத்தில், காலையில் அவை தொடங்கும் பிரார்த்தனைக்கே வந்து பிடித்துவைத்த இடத்தில், சர் லயனல் பெக்வித் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அவர் தூங்குகிறார் என்று நம்பி ஏமாந்தவர்கள் அந்த அவையில் நிறையப் பேர்.

வெள்ளிக்கிழமைகளில் உறுப்பினர்கள் சொந்தமாகக் கொண்டுவரும் மசோதாக்களுக்குத்தான் நேரம். இரண்டரை மணிக்கு விவாதம் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் மசோதாக்களின் பெயரை மட்டும் வரிசையாகப் படிப்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் அது நிறைவேறிவிடும். யாராவது ஒருவர் "எதிர்ப்பு" என்று சொன்னால் போதும், அதன் கதை அன்றோடு சரி. எழுந்து நிற்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். ஏன் என்று கேட்கவும் வழியில்லை. விவாதிக்காமல் நிறைவேறும் சட்டம் திருட்டுக் கல்யாணம் மாதிரி என்பது சர் லயனலின் வாதம். இருபது வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதற்கென்றே வந்து உட்கார்ந்து, வரும் கல்யாணத்தையெல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் மசோதா மிகச் சின்னது. விடுமுறைக்கு வாடகைக்கு விடும் ஒவ்வொரு கேரவனிலும், அதாவது சக்கர வீட்டிலும், நச்சு வாயு சேர்ந்தால் கத்தும் ஒரு கருவி இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர் மார்ஷ்தோர்ப்பின் விடுமுறை முகாமில் கடற்கரையை ஒட்டி வரிசை வரிசையாகக் கேரவன்கள். சனிக்கிழமை பத்து மணிக்குப் பழைய ஆட்கள் காலி செய்வார்கள், இரண்டு மணிக்குப் புது ஆட்கள் வருவார்கள். நடுவில் நாலு மணி நேரத்தில் நானும் வின்னும் இருபது கேரவன் துடைத்தாக வேண்டும். அந்த ஏப்ரல் சனிக்கிழமை நல்ல குளிர். முப்பத்தொன்றாம் எண்ணில் கதவு திறக்கவில்லை. லீட்ஸிலிருந்து வந்த சின்ன வயசு ஜோடி, தூங்கட்டும் என்று படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு சிகரெட் பிடித்தோம். பிறகு வின் தன் சாவியால் திறந்து உள்ளே போனாள். வாயு அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. குளிருக்காக ஜன்னல் இடுக்குகளில் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். வின் அந்தப் பெண்ணின் காலைப் பிடித்து உலுக்கிய சத்தம் எனக்கு வெளியே கேட்டது. அவர்கள் விடியும் முன்பே போய்விட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு சிகரெட்டைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

வின்னுக்கு அரசியல் அங்கேதான் தொடங்கியது. முகாம் முதலாளியிடம் சண்டை போட்டு வேலையை இழந்தாள். தொழிற்சங்கத்துக்குப் போனாள், நகர சபைக்குப் போனாள். கட்சிக்காரர்கள் எப்படியும் தோற்கிற தொகுதிதானே என்று அவளை நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்தினார்கள். அவள் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஜெயித்துத் தொலைத்தாள். மீன் வறுவல் கடைக்கு மேலே அலுவலகம் போட்டு என்னையும் இழுத்துக்கொண்டாள். ஆறு வருடம் ஆறு முறை மசோதாவைக் கொண்டுவந்தாள். ஆறு முறையும் இரண்டரை மணிக்கு அந்த ஒரு சொல் விழுந்தது. பிறகு அவளை இணை அமைச்சர் ஆக்கினார்கள். அதோடு சொந்தமாக மசோதா கொண்டுவரும் உரிமையும் போயிற்று.

எங்கள் பக்கத்துத் தொகுதி இளைஞன் ஒருவன் அதைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டான். வின்னுடைய துறைக்கே அதன் கோப்பு வந்தது. 'அமைச்சர் இதை எதிர்க்க விரும்பலாம்' என்று அதிகாரிகள் பவ்யமாக எழுதியிருந்தார்கள். வின் அதன் பக்கத்தில் 'விரும்பவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் எங்கள் கட்சிக் கொறடா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அடுத்த மந்திரிசபை மாத்தத்துல உங்க பேரு மேல போகுதுன்னு பேச்சு. ஒரு கேரவனுக்காக அதக் கெடுத்துக்காதீங்க" என்றாராம்.

"ஒண்ணு இல்லீங்க. எங்க ஊர்ல மட்டும் ஆயிரத்து இருநூறு. நீங்க எதிர்ப்பு சொன்னீங்கன்னா நான் அந்த இடத்துலயே ராஜினாமா பண்ணிடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கொறடா வாயை மூடிக்கொள்ளச் சம்மதித்தார். மிச்சம் சர் லயனல். அன்று காலை நாடாளுமன்றச் சிற்றுண்டிச் சாலையில் ரொட்டிக்கு மார்மலேட் ஜாம் தடவிக்கொண்டே வின் விஷயத்தைச் சொன்னாள். சர் லயனலின் கிராமத்துத் தேவாலய மணிக்கூண்டுக்கு முன்னூறு வயது. வார விடுமுறைக்கு வீடு வாங்கி வந்த ஒருவர் தூக்கம் கெடுகிறதென்று புகார் கொடுக்க, உள்ளாட்சி மன்றம் மணியை நிறுத்திவிட்டது. அது மறுபடி அடிக்க, வாழ்க்கையில் முதல் முறையாக அவரே ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறார். பேரம் இதுதான்: அதற்கு அரசுத் தரப்பு குறுக்கே வராமல் வின் பார்த்துக்கொள்வாள். எங்களுடையதற்கு அவர் குறுக்கே வரமாட்டார்.

அன்றைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.

"என்னடி வின் இது. அவரோடது மூணாவது, நம்மளோடது நாலாவது. வேண்டியது கெடச்சப்புறம் அவரு வாய யாரு கட்டுறது?"

"யாராலயும் முடியாது ஜாய்ஸ்."

"எழுதியாவது வாங்கினியா?"

"அவர மாதிரி ஆளுகிட்ட எழுதிக் கேட்டா அதுக்காகவே எதிர்ப்பும்பாரு. வாக்குக் குடுத்திருக்காரு."

"ஆறு தடவ நம்ம கழுத்த அறுத்த மனுஷன்டி."

"மூணு தடவ" என்றாள் வின். "மிச்சம் மூணு நம்ம கட்சிக் கொறடா." ரொட்டியைக் கடிக்காமலே தட்டில் வைத்துவிட்டாள்.

இரண்டரை அடித்தது. முதல் மசோதாவின் பெயரைப் படித்தார்கள். "எதிர்ப்பு" என்றார் சர் லயனல், கண்ணைத் திறக்காமலே. இரண்டாவது. "எதிர்ப்பு." மூன்றாவது, மணிக்கூண்டு. கொறடா கூரையைப் பார்த்தார். வின் தன் முழங்காலைப் பார்த்தாள். யாரும் பேசவில்லை, மசோதா நிறைவேறியது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"விடுமுறைக் கேரவன்கள் வாயு எச்சரிக்கை மசோதா."

சர் லயனல் கண்ணைத் திறந்தார். வின்னை நேராகப் பார்த்தார். அவர் தாடை அசைந்தது. இருபது வருடப் பழக்கம் சும்மா விடுமா? பையிலிருந்து பெரிய கைக்குட்டையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். துணை சபாநாயகரும் பழக்கதோஷத்தில் அடுத்த வார்த்தைக்குப் போகாமல் அவரையே பார்த்துக் காத்திருந்தார். கீழே இருந்த எழுத்தர்களும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்கள். எனக்கு அங்கிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

சர் லயனல் கைக்குட்டையை விலக்கினார்.

"என்னையே ஏன் பாக்குறீங்க? நான் ஒண்ணும் சொல்லலயே" என்றார் எரிச்சலாக.

அவையே சிரித்தது. ஏற்பவர்கள் ஆம் என்று சொல்லுங்கள் என்றார் துணை சபாநாயகர். அந்த ஆம்களுக்கு நடுவே வின்னின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது, முகாமின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு என்னைக் கூப்பிடும் அதே தொண்டை. ஐந்தாவது மசோதாவைப் படித்தார்கள். "எதிர்ப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டார் சர் லயனல்.

மாடத்தில் கைதட்டக் கூடாது. நான் தட்டினேன், அழுதுகொண்டே தட்டினேன். காவலர் குனிந்து, "அம்மா, இங்க அதெல்லாம் கூடாதும்மா" என்றார்.

"வெளிய போகணுமா?"

"போகணும். ஆனா அவசரமில்ல, கண்ணத் தொடச்சுக்கிட்டு மெதுவா போங்க."

அடுத்த ஈஸ்டருக்கு முகாம் திறந்தபோது சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் பிரதமர் அமைச்சரவையை மாற்றப்போகிறார் என்று பேச்சு. யாரும் தொலைபேசியை விட்டு நகர வேண்டாம் என்று லண்டனிலிருந்து சொல்லியிருந்தார்கள். வின் தன் கைபேசியை என் கைப்பைக்குள் போட்டுவிட்டு சனிக்கிழமை பத்து மணிக்கு முகாமுக்கு வந்துவிட்டாள். அந்தக் காலத்தில் வரிசையின் முதல் கேரவனிலிருந்துதான் தொடங்குவோம். அன்று நேராக முப்பத்தொன்றுக்கு நடந்தாள். படியில் நிற்கக்கூட இல்லை.

உள்ளே புது மெத்தை, புதுத் திரை. அடுப்புக்கு மேலே கூரையோரம் சாசர் அளவில் ஒரு வெள்ளைக் கருவி. வின் இன்னும் கடிக்கிற அதே செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, இருக்கை மேல் ஏறினாள். என் பைக்குள் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தேன், லண்டன்தான்.

"வின், அவங்கதான்டி. மேல தூக்குறாங்களோ கீழ தள்ளுறாங்களோ, இந்தா."

"இத முடிச்சிடுறேன்" என்றாள்.

கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். அது காதைக் கிழிக்கிற மாதிரி கத்தியது. பக்கத்துக் கேரவன் நாய் குரைத்தது. முந்தின நாள்தான் வந்து இறங்கிய ஒருவர் ராத்திரி உடையிலேயே வெளியே ஓடிவந்து, "என்னங்க ஆச்சு, யாருக்கு என்ன?" என்று கேட்டார். அதற்கடுத்த கேரவனிலும் கதவு திறந்தது. தொலைபேசி என் கையில் அடித்துக்கொண்டே இருந்தது. வின் கண்ணீர் வழிய, காலுறையோடு எக்கி நின்று, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் இருந்தாள்.