அணைத்து வைத்த எண்

மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு யோசனை சொல்வதில் நெவிலை மிஞ்ச இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் ஆளில்லை. கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். புதையல் தேடுகிறவர்களின் சங்கம் கூடுகிற பப்பில், பீர்க் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு, எந்த மெஷின் எத்தனை அங்குலம் போகும், எது ஈர மண்ணில் உளறும் என்று ஆரம்பித்தானானால், எதிரே இருப்பவர் எழுந்து ஓடினால்தான் உண்டு.

அந்த வருஷம் அவனிடம் மாட்டியவள் மொய்ரா. முப்பது வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். நடக்கவும் குனியவும் அஞ்சாதவள். நெவில் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அடுத்த மாதம், யாரோ பரணில் போட்டு வைத்திருந்த பழைய மெஷின் ஒன்றோடு வந்து நின்றாள். அதற்குத் திரை கிடையாது, எண் கிடையாது. மண்ணுக்குக் கீழே எது இருந்தாலும் ஒரே ஒரு 'பீப்'.

"என்னங்க இது, வாணலிக்கு நீளக் காம்பு போட்ட மாதிரி?" என்றான் நெவில்.

"இதுதான் நம்ம கைக்கு எட்டுச்சு."

"ஆணிக்கும் தங்கத்துக்கும் ஒரே மாதிரி கத்துமே. நாள் பூரா குப்பையைத் தோண்டிக்கிட்டு இருப்பீங்க."

"தோண்டத்தானே வர்றேன், நெவில்? காதுல மாட்டிக்கிட்டுப் பாட்டு கேக்கவா வர்றேன்?"

மேசையே சிரித்தது. நெவிலும் சிரித்தான். அவன் மெஷின், வீட்டுக் கூரை மாற்ற வைத்திருந்த பணத்தில் வாங்கியது. இரும்புக்கு ஓர் எண், செம்புக்கு ஓர் எண், வெள்ளிக்கு ஓர் எண் என்று தோண்டும் முன்பே திரையில் காட்டிவிடும். வேண்டாத எண்ணை அணைத்தும் வைக்கலாம். அப்புறம் அந்தப் பொருளின் மேல் போனால் மூச்சுக் காட்டாது. கூரை இன்றைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

மெஷினைவிடப் பெரிய சொத்து ஒன்றும் அவனிடம் இருந்தது. அது கெரிசன் என்கிற விவசாயியின் நிலம். நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் அடுத்தவர் மண்ணில் கால் வைக்கிறவனை இந்தக் கூட்டத்தில் திருடன் என்றுதான் சொல்வார்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் கெரிசன் கைகுலுக்கிக் கொடுத்த சம்மதம் அது. வேறு யாருக்கும் அந்த கேட் திறக்காது. நெவில் விருந்தாளியாக ஒருவரைக் கூட்டி வரலாம். ஆனால் விருந்தாளி எதை எடுத்தாலும் கூட்டி வந்தவன் கையில்தான் கொடுக்க வேண்டும். நிலத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவதும் அங்கே வாய் திறப்பதும் அவன் ஒருவன் மட்டுமே.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் மொய்ராவைக் கூட்டிப்போனான். உழுத வயலைத் தனக்கு வைத்துக்கொண்டு, சர்ச்சை ஒட்டிய புல்வெளி மூலையை அவளுக்குக் காட்டினான். வருஷா வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு பீர்க் கூடாரம் போடுகிற மூலை அது. அவன் உதட்டில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது.

"இங்க பழகிக்குங்க. மூலை பூரா பீர் டப்பா திறக்கற வளையம்தான். அதோட எண்ணையே நான் அணைச்சு வெச்சுட்டேன். பன்னெண்டு வருஷமா நிம்மதி."

"தங்கத்துக்கு என்ன எண் வரும்?"

புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அவனும் யோசிக்காமல் பதில் சொன்னான்.

"கனத்துக்குத் தக்கபடி மாறும். மெல்லிசு மோதிரம்னா ஏறக்குறைய டப்பா வளையத்தோட எண்ணுதான். அதுக்காக யாருங்க ஆயிரம் குப்பையைத் தோண்டறது?"

இரண்டு மணி நேரம் கழித்து மொய்ரா கையை உயர்த்திக் கூப்பிட்டாள். சாப்பாட்டு டப்பா மூடியில் முப்பத்தேழு வளையங்கள் குவிந்திருந்தன. தோண்டிய குழிகளையெல்லாம் புல்லோடு மூடி மிதித்திருந்தாள். அந்த ஒழுங்கு அவளிடம் இருந்தது. உள்ளங்கையில் மெல்லிய தங்க மோதிரம்.

"உள்ள எழுத்து இருக்கு. என் கண்ணுக்குத் தெரியல, நீங்க பாருங்க."

நெவில் பூதக்கண்ணாடியை எடுத்தான். ரோலண்ட், டல்சி. கெரிசனும் அவன் மனைவியும். கீழே ஒரு ஜூன் மாதத் தேதி. மெஷினை ஊன்றிக்கொண்டு நின்றான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், திருவிழா முடிந்து பெஞ்சுகளை எடுத்துப்போட்டுக்கொண்டிருந்தபோது, டல்சி கெரிசனின் கல்யாண மோதிரம் ஈரக் கையிலிருந்து நழுவிப் போனது. அவள் அப்படித்தான் சொன்னாள். ஊர் வேறு மாதிரி சொன்னது. ஆடு ஏலம் விட வருகிற நாரிச் நகரத்து ஆளோடு அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாளாம். மோதிரம் கழன்றதா, கழற்றினாளா என்று பப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் கவலை. கெரிசன் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. நெவிலைக் கூப்பிட்டு, தேடித் தரச் சொன்னான், அவ்வளவுதான்.

மூன்று ஞாயிறு தேடிவிட்டு, கெரிசன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, நெவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "அங்க இல்லைங்க. இருந்தா என் மெஷின் விடாது." அந்தக் குளிர்காலத்தில் டல்சி தன் தங்கை வீட்டுக்கு ஷெரிங்ஹாம் போய்விட்டாள். மூன்று வருஷம் முன்பு அங்கேயே செத்தும் போனாள். கெரிசன் அடக்கத்துக்குப் போகவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இத்தனை நாளும் ஒரு சாண் ஆழத்தில் புல்லுக்குக் கீழே படுத்துக் கிடந்திருக்கிறது.

"நல்ல சேதிதானே? ஏன் உங்க மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றாள் மொய்ரா.

நெவில் மோதிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தான். நினைத்தது நிஜம், அதை மறைப்பானேன்? எண் கதையை மொய்ராவிடம் அவனே சொல்லித் தொலைத்திருக்காவிட்டால் அப்படித்தான் செய்திருப்பான். அவள் முகத்தைப் பார்த்தான். முப்பது வருஷம் அடுத்தவர் கடிதத்தை அவரவர் வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்த முகம். கேட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தான்.

கெரிசன் டப்பா சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தான். எழுபத்தைந்து வயதாகியும் முதுகு வளையாத மனிதன். நெவில் மோதிரத்தை மேசையில் வைத்தான். மொய்ரா சேற்று பூட்ஸோடு கதவோரத்தில் நின்றுகொண்டாள். கெரிசன் அடுப்பை அணைத்தான். மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான்.

"எங்க இருந்துச்சு?"

"சர்ச் மூலையில. இவங்கதான் எடுத்தாங்க."

"நீ தேடின எடம்தானேய்யா அது?"

"ஆமாங்க. அப்ப ரொம்ப ஆழத்துல இருந்திருக்கும். உழவு மண்ணைப் புரட்டிப் புரட்டி இப்பத்தான் மேல வந்திருக்கு."

தான் விட்டதை இன்னொருத்தர் எடுத்தால் புதையல் தேடுகிறவர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்கிற சமாதானம் அது. யோசிக்கும் முன்பே நாக்கு சொல்லிவிட்டது.

கெரிசன் திரும்பினான். "அந்த மூலையில எங்கப்பா காலத்துலேருந்து உழவே கெடையாதேய்யா. புல்லு இல்ல அது?"

மொய்ரா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. விருந்தாளி பேசக்கூடாது, பேசவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நெவிலுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எண்ணை அணைச்சு வெச்சிருந்தேன்," என்றான் நெவில்.

"என்னது?"

"டப்பா வளையமும் கல்யாண மோதிரமும் மெஷினுக்கு ஒண்ணுதாங்க. மொத ஞாயித்துக்கிழமை நாப்பது வளையம் தோண்டினேன். முட்டி விட்டுப்போச்சு. அப்புறம் அந்தச் சத்தமே வராத மாதிரி பண்ணிட்டு நடந்தேன். கொஞ்சம் கனமான மோதிரமா இருக்கும், வேற எண் காட்டும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"சொல்லிக்கிட்டு, இங்க வந்து இல்லைன்ன."

"ஆமாங்க."

"இருந்தா என் மெஷின் விடாதுன்ன."

"சொன்னேன்."

"டல்சி இங்க நின்னு உனக்குக் கேக் வெட்டிக்கிட்டு இருந்தா."

நெவிலுக்கு அதுவும் ஞாபகம் இருந்தது. இருப்பதில் பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள். மோதிரம் அங்கே இல்லை என்று அவன் சொன்னபோது அவள் கை நின்றது.

கெரிசன் கத்தவில்லை. கத்தக்கூடிய குடும்பமே இல்லை அது. "அவ நூறு தடவை சொன்னாய்யா. நீ ஒரே ஒரு தடவை சொன்ன. நான் உன்னை நம்பினேன்."

"என்னை இனி உள்ள விடாதீங்க. கேட் சாவியை வெச்சுட்டுப் போயிடறேன்."

"சாவியை வெச்சா ஆச்சா?"

அலமாரி இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட சின்னக் கட்டு ஒன்றை எடுத்து நெவில் முன்னால் போட்டான். கிறிஸ்துமஸ் அட்டைகள். மொத்தம் ஒன்பது.

"அவ வருஷா வருஷம் போட்டா. வீட்டுல பங்கு கேக்கல, திரும்பி வர்றேன்னும் எழுதல. ஒவ்வொண்ணுலயும் ஒரே விஷயம்தான். படி."

நெவில் மேலே இருந்ததைப் பிரித்தான். மானும் பனியும் படம் போட்ட அட்டை. உள்ளே, பள்ளிக்கூடத்தில் பழகின உருண்டைக் கையெழுத்து: "நெவில் இன்னும் தேடிக்கொண்டுதானே இருக்கிறார்? விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல மனிதர். கண்டுபிடித்துவிடுவார்." அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததில் நெவிலின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு விசாரிப்பு. கடைசி அட்டையில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. "நெவிலிடம் சொன்னீர்களா?" அவ்வளவுதான்.

வெட்கமாக இருந்தது அவனுக்கு. வாழ்க்கையில் இப்படி ஒரு வெட்கத்தை அவன் அறிந்ததில்லை.

"உங்கிட்ட நான் சொல்லவே இல்ல," என்றான் கெரிசன். "அவ நாடகம் போடறான்னு நெனச்சேன். நீதான் இல்லைன்னு சொல்லிட்டியே. அப்புறம் எதுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

மோதிரத்தைச் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தான். இரண்டாவது கணுவைத் தாண்டவில்லை. கழற்றி மேசையில் வைத்தான்.

"சொல்லியிருந்தா தேடியிருப்பியாய்யா?"

நெவில் மொய்ராவைப் பார்த்தான். அப்புறம் கெரிசனைப் பார்த்தான்.

"தேடியிருப்பேங்க," என்றான். "மறுநாளே வந்து நாள் பூரா தேடியிருப்பேன். அந்த எண்ணை அணைச்சு வெச்சுட்டுத்தான் தேடியிருப்பேன்."